சொல்லிவிட்டுப் படுங்கள்!

(தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: நோய் வந்த நேரத்தில் வேலையைக் காப்பது, அதை மறைப்பதா? சொல்வதா? "சொல்வதே" என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய உரை.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ரொம்ப அழகாகப் பேசினார். "சர்க்கரை இருக்குன்னு சொன்னா பிரமோஷன் போச்சு. வலிப்பு இருக்குன்னு சொன்னா வேலையே போச்சு. அதனால வாயைத் திறக்காதே" என்றார். ஆனால் நடுவர் அவர்களே, நீங்கள் ஒன்றைக் கவனித்தீர்களா? அவர் பேச்சை எப்படி ஆரம்பித்தார்? "நேத்திலேர்ந்து தொண்டை சரியில்லே, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றுதான் ஆரம்பித்தார். (சிரிப்பு) பத்து நிமிஷப் பேச்சுக்கே உடம்பு நிலையைச் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்கிறவர், முப்பது வருஷ வேலைக்கு மட்டும் வாயை மூடு என்கிறார்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ஆனாலும் தம்பி சொன்ன பயம் பொய்யில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். நோயைச் சொன்னதால் முகம் மாறிய முதலாளிகள் இருக்கிறார்கள். டம்ளரைத் தனியாக எடுத்து வைத்த சக ஊழியர்கள் இருக்கிறார்கள். பயப்படுகிறவரைப் பார்த்துச் சிரிக்க நான் இங்கே வரவில்லை. ஏனென்றால், அந்தப் பயத்தோடு ஒருத்தர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அவர் என் அப்பா.

கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒரு ஸ்பின்னிங் மில். அதில் ரிங் பிரேம் பகுதியில் எங்கப்பாவுக்குப் பதினாலு வருஷ சர்வீஸ். பதலியாகப் போய் நின்று, பெர்மனென்ட் ஆனவர். 1987-ஆம் வருஷம் அவருக்கு இருமல் ஆரம்பித்தது. பஞ்சுத் தூசு என்று நினைத்தார்கள். வெல்லம் சாப்பிட்டார், கஷாயம் குடித்தார். ஒரு நாள் விடியற்காலையில் துண்டில் ரத்தம் தெரிந்தது. எங்கம்மா அந்தத் துண்டை யாருக்கும் தெரியாமல் துவைத்துக் காயப்போட்டார்கள்.

டி.பி. என்று தெரிந்தது. யார் சொல்லித் தெரிந்தது? பக்கத்து ஊரில் ஒரு தனியார் டாக்டர். ஏன் அங்கே போனார்? மாசா மாசம் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ.க்கு என்று பிடித்தம் செய்தார்களே, அந்த டிஸ்பென்சரி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் அங்கே வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் மில்காரர்கள். "அங்க போனா நாளைக்கே ஷிப்டு முழுக்கத் தெரிஞ்சிரும். வீட்ல ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குது. நாளைக்குப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?" இதுதான் அவர் சொன்ன காரணம். அந்த ரெண்டு பெண் பிள்ளைகளில் மூத்தவள் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு.

நடுவர் அவர்களே, நோயை மறைக்கிறவனால் நோயை மட்டும் மறைக்க முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு எவ்வளவு சோறு வேணும்! (சிரிப்பு) ஒரு நாள் வரவில்லை என்றால் "குலதெய்வம் கோயிலுக்குப் போனேன்" என்று சொல்லணும். இன்னொரு நாளைக்கு "பெரியப்பா செத்துட்டார்" என்று சொல்லணும். எங்க பெரியப்பாவை அந்த வருஷம் மட்டும் மூன்று தடவை சாகடித்தார் எங்கப்பா. (சிரிப்பு) மூன்றாவது தடவை டைம் ஆபீஸ்காரர் கேட்டாராம், "ஏனுங்க, உங்க வீட்ல எத்தனை பெரியப்பா?" என்று. (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனால் அதற்குள் ரெஜிஸ்டரில் என்ன ஏறிவிட்டது? "நோயாளி" என்றா ஏறியது? இல்லை. "அடிக்கடி சொல்லாமல் நிற்பவர்" என்று ஏறிவிட்டது. நோயாளி என்ற பெயருக்குப் பயந்த மனுஷன், பொறுப்பில்லாதவன் என்ற பெயரை வாங்கிக்கொண்டார். இரண்டில் எது வேலையைத் தின்னும்? இதைத்தான் எதிரணி யோசிக்கவே இல்லை.

கடைசியில் அவரால் எழுந்திருக்கவே முடியாமல் போனது. பத்து நாள், பதினைந்து நாள் படுத்தே கிடந்தார். அப்போது மில்லிலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "அப்பா இருக்காரா கண்ணு?" என்று கேட்டார். உள்ளேயிருந்து அப்பா கையைக் காட்டினார். நான் சொன்னேன்: "அப்பா ஊருக்குப் போயிருக்காருங்க." சொல்லி முடிப்பதற்குள் உள்ளே இருமல். தபால்காரருக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கவரில் என்னவோ எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த மாதிரி மூன்று தபால் வந்தது. மூன்றையும் திருப்பி அனுப்பினோம். மூன்று தடவையும் பொய் சொன்னது நான்.

அப்புறம் தெரிந்தது, அந்தத் தபாலில் இருந்தது ஒரு கேள்விதான். "ஏன் வரவில்லை? காரணம் சொல்லவும்." அவ்வளவுதான்! பதில் சொல்ல ஒரு வாய்ப்பு வந்தது. அந்த வாய்ப்பை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம். நாலாவதாக ஒரு தகவல் வந்தது. பெயரை எடுத்துவிட்டார்கள். "தானாகவே வேலையை விட்டு நின்றுவிட்டார்" என்று எழுதியிருந்தார்கள். பதினாலு வருஷம் பஞ்சைத் தின்ற மனுஷன், தானாகவே விட்டு நின்றாராம்!

அப்புறம்தான் சங்கத்துக்காரர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணா, ஈ.எஸ்.ஐ. டாக்டர்கிட்ட ஒரே ஒரு சீட்டு வாங்கியிருந்தா உங்களை அசைச்சிருக்க முடியாதே!" என்றார். உண்மைதான். 1948-ல் வந்த ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 73-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தொழிலாளி நோய்க்கான உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, தண்டிக்கக் கூடாது, அப்போது கொடுத்த நீக்க நோட்டீசே செல்லாது என்று சொன்ன பிரிவு. கோவைக்கு அந்தத் திட்டம் 1955-லேயே வந்துவிட்டது. காசநோய்க்கு நீண்ட நாள் உதவித்தொகையும் இருந்தது. எல்லாம் இருந்தது, நடுவர் அவர்களே. எங்கப்பா கையில் சீட்டு மட்டும் இல்லை.

எங்கப்பாவுக்கு டி.பி. குணமாகிவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசியும் மாத்திரையுமாகப் போட்டுக் குணப்படுத்தினார்கள். வேலை போனதுதான் கடைசிவரை குணமாகவில்லை. (அரங்கில் அமைதி) மீதி வருஷமெல்லாம் ஒரு கிடங்கில் ராத்திரி வாட்ச்மேனாக உட்கார்ந்தார்.

"இது அந்தக் காலத்துக் கதை" என்று எதிரணியில் சொல்லலாம். சரி, அதற்கப்புறம் என்ன நடந்தது என்று பார்ப்போம். அந்தக் காலத்து மாதிரி நிலையாணைகளில் ஒரு விதி இருந்தது. லீவு முடிந்து எட்டு நாளைக்குள் திரும்பி வந்து, தாமதத்துக்குத் தகுந்த காரணமும் சொல்லாவிட்டால், அந்த வேலை மீது உனக்குள்ள பிடிமானம் போய்விடும் என்று. இதே மாதிரி எட்டு நாள் விதியைக் காட்டி டி.கே. யாதவ் என்ற தொழிலாளியின் வேலையை எடுத்துவிட்டார்கள். அந்த வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: விசாரணை இல்லாமல், அவர் தரப்பைக் கேட்காமல், பெயரை எடுக்கக் கூடாது, வேலை என்பது பிழைப்பு, பிழைப்பு என்பது வாழும் உரிமையோடு சேர்ந்தது. வேலையைத் திரும்பக் கொடு, பாதிச் சம்பள பாக்கியையும் கொடு என்று உத்தரவிட்டது. (கைதட்டல்)

கை தட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கணக்கையும் போடுங்கள். யாதவ் வேலைக்கு வரவில்லை என்று சொன்னது 1980 டிசம்பரில். தீர்ப்பு வந்தது 1993-ல். நடுவில் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல்! நீதிமன்றம் கொடுத்த நியாயம் பெரிசுதான். ஆனால் பன்னிரண்டு வருஷம் அடுப்பு எரிய வேண்டாமா? அதனால்தான் சொல்கிறேன், நீதிமன்றத்தில் போய்ச் சொல்வதை முதல் நாளே ஆபீசில் சொல்லிவிடு!

அப்புறம் 2012-ல் கிருஷ்ணகாந்த் பர்மார் என்கிற அரசு ஊழியர் வழக்கு. அதில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. வேலைக்கு வராதது எல்லாம் குற்றம் ஆகாது. வேண்டுமென்றே வராமல் இருந்தால்தான் குற்றம். நோய், விபத்து, ஆஸ்பத்திரி என்று தன் கையை மீறிய காரணம் இருந்தால் அதைக் கடமை தவறியது என்று சொல்ல முடியாது என்றது. இங்கேதான் நான் எதிரணியைப் பிடிக்கிறேன். வேண்டுமென்றே நிற்கவில்லை, நோயால் நின்றேன் என்று எப்படி நிரூபிப்பாய்? நோயையே மறைத்தவன் எந்த வாயால் நோயைச் சாட்சிக்குக் கூப்பிடுவான்? (பலத்த கைதட்டல்)

இப்போது இன்னொரு கதை. நல்ல கதை. திருப்பூரில் என் அத்தை மகள், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் டெய்லர். 2021-ல் அவளுக்கு மார்பில் கட்டி. புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசர் என்ன சொன்னார் தெரியுமா? ரொம்ப அன்பாகச் சொன்னார். "பேசாம எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா. நல்லானதும் நாங்களே கூப்பிட்டுக்கறோம்." எங்க அப்பாவின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். சொன்னாளாம்: "எழுதித் தரேனுங்க. ராஜினாமா இல்லீங்க, லீவு லெட்டர் எழுதித் தரேன்!" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

லெட்டரை ரெண்டு பிரதி எழுதினாள். ஒன்றைக் கொடுத்தாள். இன்னொன்றில் கையெழுத்தும் சீலும் வாங்கி வீட்டு பீரோவில் வைத்தாள். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காட்டிச் சான்றிதழ் வாங்கினாள். சாதாரண நோய்க்கு ஈ.எஸ்.ஐ.யில் வருஷத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள். புற்றுநோய், காசநோய் போன்ற நீண்ட நாள் நோய் என்றால் 80 சதவீதம். தகுதி இருந்தால் இரண்டு வருஷம் வரைக்கும் கிடைக்கும். அவள் சம்பளம் 12,000 ரூபாய். வீட்டில் படுத்திருந்த மாசங்களில் சுமார் 9,600 ரூபாய் கணக்கில் வந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கவில்லை.

2022-ல் உடல் தகுதிச் சான்றிதழோடு திரும்பிப் போனாள். ஆபரேஷன் செய்த பக்கம் கை வீங்கும், முன்னைப்போல மெஷின் மிதித்துத் துணி தள்ள முடியாது. அதையும் எழுத்திலேயே கேட்டாள். செக்கிங் டேபிள் கொடுத்தார்கள். இன்றைக்கும் அங்கே உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறாள். எங்கப்பாவுக்கு வந்தது மருந்துக்குக் கட்டுப்படுகிற நோய். அவளுக்கு வந்தது அதைவிடப் பயங்கரமானது. அவர் வேலை போனது, அவள் வேலை நின்றது. வித்தியாசம் நோயில் இல்லை நடுவர் அவர்களே, வாயில் இருக்கிறது! (கைதட்டல்)

எதிரணியில் அடுத்துப் பேசப்போகிற அம்மா கேட்பார்கள்: "அப்போ என் நோயை ஊரெல்லாம் தண்டோரா போடணுமா?" அம்மா, வேண்டவே வேண்டாம். சொல்வது வேறு, பரப்புவது வேறு. கேண்டீனில் சொல்லாதீர்கள், லீவு கொடுக்கிற அதிகாரியிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017-ல் தனிச் சட்டமே வந்தது. அந்தத் தொற்று இருக்கிறதா என்று சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் உண்டு. அந்தத் தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கினால் அதுவும் அந்தச் சட்டப்படி பாகுபாடு. ஆக, நோயின் பெயரை யாருக்குச் சொல்வது என்பதில் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் "எனக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் இத்தனை நாள் ஓய்வு சொல்லியிருக்கிறார், இதோ சான்றிதழ்" என்கிற இந்த ஒரு வரியை மறைக்க யாருக்கும் தேவையில்லை.

சட்டம் எல்லோருக்கும் ஒரே அளவில் குடை பிடிக்கிறது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அரசு வேலையில் இருக்கிறவர் பணிக்காலத்தில் ஊனமுற்றால், 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அவரை நீக்க முடியாது. அந்த வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தரணும். தனியார் கம்பெனிக்காரருக்கு அந்தக் குடை அவ்வளவு பெரிசாக இல்லை. ஆனாலும் ஜவுளிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் நிற்கிற பிள்ளைகளுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 1947-ல் வந்த தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம். அதில் நோய்க்கு என்று வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. ஆறு மாசம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல், ஒரு மாச நோட்டீசோ சம்பளமோ கொடுக்காமல் அனுப்பக் கூடாது. கடையில் நிற்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-லிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டன. ஈ.எஸ்.ஐ.யும் அதற்குள் போய்விட்டது. அதனால் பழைய பிரிவு எண்ணை மனப்பாடம் பண்ணிக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். சங்கத்திலோ, தொழிலாளர் அலுவலகத்திலோ, ஒரு வக்கீலிடமோ கேட்டுவிட்டுப் போங்கள். எண் மாறும், சட்டத்தின் பெயர் மாறும். கையில் காகிதம் இருக்கிறவன் பக்கம்தான் பலம் என்பது மட்டும் மாறாது.

தாய்மார்களே, இதை உங்களிடம்தான் முக்கியமாகச் சொல்கிறேன். ஏனென்றால் வீட்டில் ஒருத்தர் படுத்துவிட்டால் நிமிர்ந்து நிற்கிறவர் நீங்கள்தான். முதல் நாளே தகவல் சொல்லுங்கள். போனில் சொன்னாலும் எழுத்திலும் அனுப்புங்கள். இப்போதுதான் வாட்ஸ்அப் இருக்கிறதே! குட்மார்னிங் பூவை நாற்பது பேருக்கு அனுப்புகிற நாம், "இன்றைக்கு வர இயலவில்லை" என்று ஒருத்தருக்கு அனுப்பக் கூடாதா? (சிரிப்பு) லீவு முடிவதற்கு முன்னாலேயே நீட்டிப்பு கேளுங்கள். சான்றிதழில் தேதி விட்டுப்போகாமல் பாருங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதிவுத் தபாலை 2025-ல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். எதில் அனுப்பினாலும் ரசீது ரசீதுதான். நல்லாகும் வரைக்கும் என்று சொல்லி யார் நீட்டினாலும் ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபீசிலிருந்து தபால் வந்தால் வாங்குங்கள். திருப்பி அனுப்பாதீர்கள். பிரித்துப் படியுங்கள். பதில் எழுதுங்கள்.

வள்ளுவர் மருந்து என்று தனி அதிகாரமே வைத்தார். மருத்துவத்துக்கு நாலு பங்கு என்றார்: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர். ஐயன் மன்னிப்பார் என்ற தைரியத்தில் இந்தக் காலத்துக்கு ஐந்தாவதாக ஒன்றை நான் சேர்க்கிறேன்: லீவு லெட்டர்! (சிரிப்பு, கைதட்டல்) ஏனென்றால் சம்பளம் நின்றால் மருந்து நிற்கும். மருந்து நின்றால் மற்ற மூன்றும் என்ன செய்யும்?

நடுவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். இன்றைக்கும் வாசலில் தபால்காரர் குரல் கேட்டால் எனக்கு ஒரு நிமிஷம் பக்கென்று இருக்கும். பன்னிரண்டு வயசில் நான் சொன்ன அந்தப் பொய் எங்கப்பாவைக் காப்பாற்றத்தான் சொன்னது. அவரும் எங்களைக் காப்பாற்றத்தான் மறைத்தார். யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் அந்த வாசலில் நின்று, "அப்பா உள்ளேதான் படுத்திருக்காருங்க, உடம்பு சரியில்லீங்க, கொடுங்க நான் வாங்கிக்கறேன்" என்று நான் சொல்லியிருந்தால், எங்கப்பா ரிட்டயர் ஆகும்போது மாலையோடு வீட்டுக்கு வந்திருப்பார். அந்த மாலையை நாங்கள் பார்க்கவே இல்லை.

எதிரணி நண்பர்களே, உங்கள் வீட்டுக் குழந்தையை அந்த வாசலில் நிறுத்தாதீர்கள். படுக்க வேண்டிய நேரம் எல்லோருக்கும் ஒரு நாள் வரும். படுங்கள், தப்பில்லை. சொல்லிவிட்டுப் படுங்கள்! நோய் வந்த நேரத்தில் வேலையைக் காப்பது சொல்வதே, சொல்வதே என்று நல்ல தீர்ப்புத் தருமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (நீண்ட கைதட்டல்)